எஸ்டிஏ யாருங்க? – டிஸ்க் முகவரிகளின் கதை

முன்னெச்சரிக்கை: இது பொட்டி தட்டுற மேட்டர். கவிதை, சினிமா விமர்சனம்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். ஆனா வீட்டுக் கம்ப்யூட்டர்ல ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டினதும் "டி டிரைவ்ல இருந்த பாட்டெல்லாம் எங்கடா?"ன்னு ஒரு நிமிஷம் பதறின ஆளா நீங்க? அப்போ இந்தக் கதை உங்களோடதும்தான்.

கொசுவத்தியை 2005க்குச் சுத்துவோம்.

அப்போ ஒரு சின்னக் கம்பெனியில சர்வர்களைப் பார்த்துக்கிற வேலை எனக்கு. அதுல முக்கியமானது பில்லிங் சர்வர். பெட்டிக்குள்ள 36 ஜிபி டிஸ்க் ரெண்டு, ஒண்ணுக்கு ஒண்ணு நகல். லினக்ஸ் அதுலதான் இருந்தது. டேட்டா எல்லாம் வெளியே தனிப் பெட்டியில, தனி கேபிள்ல. உள்ளே ஒரு ரெய்டு கார்டு, வெளிப் பெட்டிக்கு ஒரு ரெய்டு கார்டு. ரெண்டும் ஒரே வகை, ஒரே டிரைவர். லினக்ஸுக்கு உள் டிஸ்க் /டெவ்/எஸ்டிஏ, வெளிப் பெட்டி /டெவ்/எஸ்டிபி. ரெண்டு வருஷமா அப்படியே ஓடிட்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மதர்போர்டு போச்சு. சாயங்காலம் புது போர்டு வந்து, கார்டுகளைக் கழட்டி மாட்டினாங்க. எந்தக் கார்டு எந்த ஸ்லாட்ல இருந்ததுன்னு யாரும் குறிச்சு வெக்கல. நானும்தான். ஆன் பண்ணினா, ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் பண்ண முடியலைன்னு சொல்லி கெர்னல் பேனிக்.

நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? போர்டு போனப்போ உள் டிஸ்க்கும் கெட்டுப் போச்சு, லினக்ஸைத் திரும்பப் போட்டாத்தான் சரிப்படும்னு. கையில ஒரு கிக்ஸ்டார்ட் ஃபைல் இருந்தது. நானே எழுதினது, அதுல பெருமை வேற. ரொம்ப ஜாக்கிரதையான ஃபைல். "எல்லா டிஸ்க்கையும் அழி"ன்னு அதுல இல்லை. "எஸ்டிஏவை மட்டும் அழி, அதுல லினக்ஸ் போடு"ன்னுதான் இருந்தது. டேட்டா எஸ்டிபியில இருக்கே, பயமென்ன?

சிடியைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா ஃபார்மேட் இன்னும் ஓடிட்டிருக்கு. 36 ஜிபிக்கு இவ்வளவு நேரம் ஆகாதே... அந்த நொடியில வயித்துல ஒண்ணு கிளம்பிச்சு பாருங்க, அதை எழுத்துல சொல்ல முடியாது. பிளக்கைப் பிடுங்கினேன். பிரயோஜனமில்லை.

கார்டுகள் ஸ்லாட் மாறியிருந்தது. வெளிப் பெட்டியோட கார்டை லினக்ஸ் முதல்ல பார்த்தது, எஸ்டிஏன்னு பேர் வெச்சது. அந்த கெர்னல் பேனிக்குக்கும் அதுவேதான் காரணம். உள் டிஸ்க்ல லினக்ஸ் கொஞ்சமும் கெடாம அப்படியே இருந்தது. அதோட பேர் மட்டும் எஸ்டிபின்னு மாறியிருந்தது. கெட்டுப் போகாத ஒண்ணைச் சரி பண்ணப் போய், நல்லா இருந்த இன்னொண்ணை அழிச்சேன்.

கடைசி டேப் பேக்கப் வெள்ளிக்கிழமை ராத்திரியோடது. சனி, திங்கள், செவ்வாய் மூணு நாள் பில்லும் போச்சு. பில்லிங்ல இருந்த ஒரு அக்காதான் காகிதக் கட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, நாலு நாள் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி டைப் அடிச்சாங்க. ஒரு வார்த்தை திட்டல. ஒரு கேள்வி மட்டும் கேட்டாங்க. "ஏன் தம்பி, எந்தப் பொட்டி எதுக்குன்னு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வெக்கக் கூடாதா?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடித்தான் இந்த வரலாற்றை நோண்ட ஆரம்பிச்சேன். நோண்ட நோண்டத் தெரிஞ்சது, கம்ப்யூட்டர் உலகம் பல வருஷமா அந்த ஸ்டிக்கரை எங்கே ஒட்டுறதுன்னுதான் தடுமாறிக்கிட்டிருக்கு.

பேர்ல நாலு வகை

நம்ம ஊர்ல ஒருத்தரை எப்படி அடையாளம் சொல்லுவோம்? "பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு" – இது இடத்தை வெச்சு. "ரேஷன் கார்டு நம்பர் இது" – இது ஆளையே வெச்சு. "தையக்காரர் வீடு" – இது அங்கே நடக்கிற காரியத்தை வெச்சு. "கியூவுல மூணாவது நிக்கிறாரே, அவர்" – இது வரிசையை வெச்சு. நாலும் ஒரே ஆளைக் காட்டுற வரைக்கும் வித்தியாசமே தெரியாது. அவர் வீடு மாறினா, கியூ நகர்ந்தா, அப்பத்தான் வம்பு.

டிஸ்க்குக்கும் அதே கதைதான். இன்ஸ்டால் பண்ற அன்னிக்கு நாலு வகைப் பேரும் ஒரே டிஸ்க்கைத்தான் காட்டும். ஏதாவது செத்துப் போய் ரிகவரி பண்ற அன்னிக்குத்தான் நாலும் நாலு திசையில போகும். நாம எந்த வகைப் பேரை எழுதி வெச்சிருந்தோம்னு அன்னிக்குத்தான் தெரியும்.

1964: ஐபிஎம் அப்பவே யோசிச்சது

ஐபிஎம் 1964 ஏப்ரல்ல சிஸ்டம்/360ஐ அறிவிச்சது. அதுல ஒவ்வொரு கருவிக்கும் மூணு இலக்க முகவரி. முதல் இலக்கம் எந்தச் சேனல், மத்த ரெண்டும் அந்தச் சேனல்ல எந்தக் கருவி. இது இடத்தை வெச்ச பேர்.

ஆனா அந்தக் காலத்து டிஸ்க் இப்ப மாதிரி பெட்டிக்குள்ள நிரந்தரமா இருக்கிறது இல்லை. 2311ன்னு ஒரு டிரைவ். அதுல தட்டுகளை ஒரு அடுக்காத் தூக்கி வெளியே எடுக்கலாம், கேக் டப்பா மாதிரி மூடி போட்டு அலமாரியில வெக்கலாம். ஒரு அடுக்குல சுமார் ஏழு எம்பி. ஆப்பரேட்டர் இன்னிக்கு இந்த டிரைவ்ல மாட்டுவார், நாளைக்கு அடுத்த டிரைவ்ல மாட்டுவார். டிரைவோட முகவரியை மட்டும் நம்பினா, சம்பளக் கணக்கு எழுத வேண்டிய இடத்துல சரக்குக் கணக்கை எழுதிடும்.

அதனால அந்தத் தட்டுலயே ஆறு எழுத்துல ஒரு பேரை எழுதி வெச்சாங்க. வால்யூம் சீரியல்னு பேர். வேலையைக் கொடுக்கும்போது "இந்த முகவரியில இருக்கிற டிரைவ்"னும் கேட்கலாம், "இந்த வால்யூம் எங்கே மாட்டியிருந்தாலும் சரி, அது வேணும்"னும் கேட்கலாம். ரெண்டும் தனித்தனி விஷயம்னு அவங்களுக்கு அப்பவே புரிஞ்சிருக்கு. காரணம் சுலபம், டிஸ்க் கண்ணு முன்னாடி இடம் மாறிக்கிட்டே இருந்தது. பின்னாடி டிஸ்க் பெட்டிக்குள்ள போய் மூடிக்கிட்டதும் மத்தவங்களுக்கு அது மறந்துபோச்சுன்னு நினைக்கிறேன்.

கையால மாத்துற நம்பர்

மினி கம்ப்யூட்டர் உலகம் வேற வழியில போச்சு. 1970கள்ல யூனிக்ஸ் ஓடின பிடிபி-11 மெஷின்கள்ல டிஸ்க்குக்கு /டெவ்/ஆர்கே0, ஆர்கே1ன்னு பேர் இருக்கும். ஆர்கே05ங்கிற டிரைவ், கொள்ளளவு சுமார் ரெண்டரை எம்பி. பேர்ல இருக்கிற நம்பர் டிரைவோட யூனிட் நம்பர். இன்னிக்கும் நாம டைப் அடிக்கிற /டெவ் அங்கேயிருந்து வந்ததுதான்.

இதே டிஇசி கம்பெனி 1980களின் தொடக்கத்துல ஆர்ஏ81னு ஒரு டிஸ்க் விட்டாங்க. 456 எம்பி. அதுல ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. யூனிட் நம்பர் எங்கேயோ உள்ளே ஒளிஞ்சிருக்காது. முன்பக்கப் பேனல்ல, நம்பர் போட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டா செருகியிருக்கும். அதைக் கழட்டி இன்னொரு டிரைவ்ல செருகினா, அந்த நம்பர் இனி அந்த டிரைவுக்கு. 0ம் நம்பர் டிரைவ் பழுதாயிடுச்சா? பக்கத்துல சும்மா நிக்கிற டிரைவ்ல பேக்கப்பைக் கொட்டு, 0 பிளக்கைப் பிடுங்கி அதுல செருகு. சாஃப்ட்வேர்ல ஒரு வரி மாத்த வேண்டாம்.

யோசிச்சுப் பாருங்க. இந்தப் பேர் இடத்துக்கும் இல்லை, டிரைவுக்கும் இல்லை. பதவிக்கு. யார் அந்த நாற்காலியில உட்கார்ந்தாலும் அவர்தான் தாசில்தார். அதைவிடப் பெரிய விஷயம், மாத்துறது ஒரு மனுஷன், தெரிஞ்சே மாத்துறான், கண்ணுக்குத் தெரியிற இடத்துல மாத்துறான். அந்த அக்கா கேட்ட ஸ்டிக்கர் இதுதானே!

ஸ்கசியும் 31204567ம்

1986ல ஸ்கசி தரமாக்கப்பட்டது. ஒரே கேபிள்ல எட்டு முகவரி, 0லேர்ந்து 7 வரைக்கும். வழக்கமா 7 கார்டுக்கு, மிச்சம் ஏழு டிஸ்க், டேப் மாதிரி கருவிகளுக்கு. நம்பரை ஜம்பர்னு சொல்ற குட்டிக் குட்டித் துண்டுகளை வெச்சு டிஸ்க்லயே செட் பண்ணணும். ஒரே நம்பர்ல ரெண்டு டிஸ்க் வந்துட்டா ரெண்டும் மக்கர் பண்ணும். ஆனா ஜாக்கிரதையா செட் பண்ணிட்டா நம்பர் தானா மாறாது.

அதுக்கு மேல இருக்கிற சாஃப்ட்வேர்தான் கொஞ்சம் விளையாடும். சன் கம்பெனி 1989ல ஸ்பார்க்ஸ்டேஷன் 1ஐ விட்டாங்க. அதுல உள்ளே இருக்கிற முதல் டிஸ்க்கோட ஸ்கசி நம்பர் 3. ஆனா அப்போ இருந்த சன்ஓஎஸ் 4 அதை எஸ்டி0ன்னு கூப்பிடும். நம்பர் 0ல இருக்கிற டிஸ்க்கை எஸ்டி3ன்னு கூப்பிடும்! பூட் பிராம்ல இதுக்குன்னே ஒரு செட்டிங் இருந்தது: 31204567. படிக்கிற முறை இப்படி: எஸ்டி0ன்னா முகவரி 3, எஸ்டி1ன்னா 1, எஸ்டி2ன்னா 2, எஸ்டி3ன்னா 0, மிச்சமெல்லாம் அப்படியே. எட்டு இலக்கத்துல ஒரு மொழிபெயர்ப்பு அகராதி.

அப்புறம் 1992ல சொலாரிஸ் 2 வந்தது. பேரைப் பார்த்தாலே இடம் தெரியணும்னு புது முறை: சி0டி3டி0எஸ்0. முதல் எழுத்து எந்தக் கன்ட்ரோலர், ரெண்டாவது எந்த டார்கெட், மூணாவது எந்த டிஸ்க், கடைசி எந்தத் துண்டு. (தமிழ்ல எழுதினா டார்கெட்டும் டிஸ்க்கும் ஒரே 'டி' ஆயிடுது, என் தப்பில்லை :-)) நல்ல முறைதான். ஆனா கெர்னல் செய்திகள்ல பழைய பாணிப் பேரும் தொடர்ந்தது. அதுல டார்கெட் 3 இப்போ எஸ்டி3. அதாவது சன்ஓஎஸ் 4ல எஸ்டி0ன்னு இருந்த அதே டிஸ்க், அதே கேபிள், ஓஎஸ் மாத்தினதும் எஸ்டி3. பழைய நோட்டுல "எஸ்டி3 – டேட்டா"ன்னு எழுதி வெச்சிருந்த ஆளை நினைச்சுப் பாருங்க.

சொலாரிஸ் இன்னொண்ணும் செஞ்சது. எந்த வன்பொருள் பாதைக்கு எந்த நம்பர் கொடுத்தோம்னு /எட்சி கீழே பாத்_டூ_இன்ஸ்ட்ங்கிற ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். ஒரு தடவை கொடுத்த நம்பர் அடுத்த பூட்லயும் அதேதான். புதுசா நடுவுல ஒரு கார்டு செருகினா அதுக்குப் புது நம்பர், பழசு நகராது. அருமை! ஆனா அந்தக் கணக்கு எங்கே இருக்கு? அந்த மெஷினோட சொந்த டிஸ்க்ல. அதே மெஷின்ல சுத்தமா மறுபடி இன்ஸ்டால் பண்ணினா அந்த ஞாபகம் போயிடும், நம்பரெல்லாம் முதல்லேர்ந்து. இன்னொரு மெஷின்ல பேக்கப்பைக் கொட்டினா, அந்த மெஷின்ல இல்லாத பாதைகளோட ஞாபகம் வந்து உட்காரும். ரெண்டுமே தலைவலி.

சி, டி, இ...

நம்ம விண்டோஸ் பக்கமும் வருவோம். ஏ, பி, சின்னு எழுத்து வெக்கிறது 1970கள்ல சிபி/எம்ல இருந்து டாஸுக்கு வந்தது. டாஸோட விதி என்னன்னா, முதல்ல ஒவ்வொரு டிஸ்க்லயும் இருக்கிற பிரைமரி பார்ட்டிஷனுக்கு எழுத்து, அப்புறம்தான் லாஜிக்கல்களுக்கு. ஒரே டிஸ்க்கை சி, டின்னு பிரிச்சிருப்போம். ரெண்டாவது டிஸ்க் மாட்டினா அதோட பிரைமரி டி ஆயிடும், நம்ம பழைய டி தள்ளிப் போய் இ ஆயிடும். பாட்டு காணாமப் போன மர்மம் இதுதான். சுத்தமான கியூ நம்பர்.

விண்டோஸ் 2000 இதை மாத்திச்சு. டிஸ்க்கோட முதல் செக்டர்ல நாலு பைட்ல ஒரு கையெழுத்து இருக்கும். அதையும் பார்ட்டிஷன் ஆரம்பிக்கிற இடத்தையும் சேர்த்து, இதுக்கு இந்த எழுத்துன்னு ரெஜிஸ்ட்ரியில குறிச்சுக்கும். அப்படியும் சொலாரிஸ் கதையேதான். குறிப்பு இருக்கிறது அந்த இன்ஸ்டலேஷனுக்குள்ள. திரும்ப இன்ஸ்டால் பண்ணினா மறந்துடும்.

லினக்ஸ்: இருந்ததையும் தொலைச்ச கதை

லினக்ஸ்ல வேடிக்கை என்னன்னா, வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கிற மலிவு ஐடிஇ டிஸ்க்குக்கு உறுதியான பேர் இருந்தது. எச்டிஏன்னா முதல் கேபிள்ல மாஸ்டர், எச்டிபி அதே கேபிள்ல ஸ்லேவ், எச்டிசி ரெண்டாவது கேபிள்ல மாஸ்டர், எச்டிடி அதுல ஸ்லேவ். நடுவுல எது இல்லேன்னாலும் எச்டிசி எச்டிசிதான்.

காசு கொட்டி வாங்கின சர்வர்ல இருக்கிற ஸ்கசி டிஸ்க்குக்கோ கியூ நம்பர். 0, 1, 3ன்னு மூணு ஸ்கசி நம்பர்ல டிஸ்க் இருந்தா எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி. நம்பர் 1 செத்துப் போய் மறுபடி பூட் பண்ணினா நம்பர் 3 ஒரு படி முன்னாடி வந்து எஸ்டிபி ஆயிடும். அப்புறம் ஐடிஇ டிஸ்குகளையும் இதே ஸ்கசி வழியா நடத்துற மாற்றம் வந்தது. 2007 மே மாசம் வந்த ஃபெடோரா 7ல எச்டிஏவே காணாமப் போச்சு. உறுதியா இருந்த பேரும் கியூவுல சேர்ந்துக்கிச்சு.

இதைச் சரி பண்ண நிறைய முயற்சி நடந்தது. முதல்ல லேபிள். ஃபைல் சிஸ்டத்துக்குள்ளயே ஒரு பேர் எழுதி, எஃப்எஸ்டேப்ல எஸ்டிஏவுக்குப் பதிலா அந்தப் பேரைப் போடுறது. ஐபிஎம்மோட பழைய ஐடியாதான். 2000களின் தொடக்கத்துல ரெட் ஹேட் இன்ஸ்டாலர் தானாவே இப்படிப் போட்டுக் கொடுக்கும். ஆனா அது ரூட்டுக்கு வெக்கிற லேபிள் எல்லா மெஷின்லயும் ஒண்ணேதான்: வெறும் '/'. பழைய மெஷின் செத்துப் போச்சு, டேட்டாவைக் காப்பாத்தலாம்னு அதோட டிஸ்க்கைக் கழட்டி இன்னொரு ரெட் ஹேட் மெஷின்ல மாட்டினா, ஒரே வீட்டுல ஒரே பேர்ல ரெண்டு பேர். எது ரூட்டுன்னு தெரியாம முழிக்கும். ரிகவரிக்குன்னு வந்த ஏற்பாடு ரிகவரி அன்னிக்கே காலை வாரிச்சு.

2000த்துல ரிச்சர்ட் கூச் எழுதின டெவ்எஃப்எஸ் கெர்னலுக்குள்ள வந்தது. ஹோஸ்ட், பஸ், டார்கெட், லன்னு முழு இடத்தையும் பாதையா எழுதுற முறை. ஆனா அதுலயும் ஹோஸ்ட் நம்பர் வரிசைப்படிதான். பல சர்ச்சைக்கு அப்புறம் 2006ல அதைக் கெர்னல்லேர்ந்து எடுத்தே எடுத்துட்டாங்க.

அதுக்குள்ள 2003ல கிரெக் க்ரோ-ஹார்ட்மன் யூடெவ்ங்கிற மாற்றைக் கொண்டு வந்துட்டார். பேர் வெக்கிறது கெர்னலோட வேலையே இல்லை, வெளியே ஒரு புரோகிராம் விதிகளைப் பார்த்து வெக்கட்டும்ங்கிறதுதான் அதோட வாதம். இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, கடைசியில இதுதான் சரியான பேர்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. /டெவ்/டிஸ்க் கீழே தனித்தனி டைரக்டரி வெச்சுட்டாங்க. பை-பாத் – எந்த இடத்துல செருகியிருக்கு. பை-ஐடி – எந்த டிஸ்க், அதோட சீரியல் நம்பர், உலகத்துலயே தனித்துவமான டபிள்யூடபிள்யூஎன் நம்பர். பை-யூயூஐடி, பை-லேபிள் – உள்ளே என்ன எழுதியிருக்கு. எஸ்டிஏவும் ஓரமா இருக்கும், கியூ நம்பரா. நம்ம நாலு வகையும் வந்தாச்சா?

2006 அக்டோபர்ல வந்த உபுண்டு 6.10 எஃப்எஸ்டேப்ல யூயூஐடி போட ஆரம்பிச்சது. 128 பிட் நம்பர், 32 இலக்கம். வாயில நுழையாது, ஆனா தற்செயலா ரெண்டு டிஸ்க்குக்கு ஒண்ணாகவே வராது. இன்னிக்குப் பல லினக்ஸ்லயும் இதுதான் வழக்கம்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

தீரல. ரிகவரியை மூணு விதமாப் பிரிச்சுப் பாருங்க.

டிஸ்க் செத்து, அதே இடத்துல புது டிஸ்க் வருதுன்னு வைங்க. இடத்துப் பேர் மாறாது. ஆள் பேர், அதான் சீரியல், மாறிடும். யூயூஐடியும் மாறிடும், ஏன்னா புதுசா ஃபார்மேட் பண்ணினா புது யூயூஐடி. பேக்கப்லேர்ந்து திரும்பி வந்த எஃப்எஸ்டேப்போ பழைய யூயூஐடியைத் தேடிக்கிட்டு நிக்கும். ஒண்ணு எஃப்எஸ்டேப்பை மாத்தணும், இல்லேன்னா ட்யூன்2எஃப்எஸ் மாதிரி கருவியால புது ஃபைல் சிஸ்டத்துக்குப் பழைய யூயூஐடியையே கொடுக்கணும்.

மெஷின் செத்து, டிஸ்க்கெல்லாம் வேற மெஷினுக்குப் போகுதுன்னு வைங்க. இப்போ இடத்துப் பேர் எதுக்கும் உதவாது. சீரியலும் யூயூஐடியும் அப்படியே இருக்கும். என்னோட 2005 கதை இந்த வகைதான். யூயூஐடி போட்டிருந்தா அன்னிக்கு லினக்ஸ் பேசாம பூட் ஆகியிருக்கும், நானும் பேசாம வீட்டுக்குப் போயிருப்பேன்.

டிஸ்க்கை அப்படியே க்ளோன் எடுத்து மாட்டுறோம்னு வைங்க. இடமும் சீரியலும் வேற வேற, ஆனா யூயூஐடி ரெண்டுலயும் ஒண்ணு. தற்செயலா வராதது நாமளே நகல் எடுத்தா வரத்தானே செய்யும்? எக்ஸ்எஃப்எஸ் ரெண்டாவதை மவுன்ட் பண்ண மாட்டேங்கும். விண்டோஸ் சர்வர் ரெண்டாவது டிஸ்க்கை ஆஃப்லைன்ல தள்ளி வெக்கும். ஐபிஎம் மெயின்ஃப்ரேம்லயும் ஒரே வால்யூம் சீரியல்ல ரெண்டு டிஸ்க்கைப் பார்த்தா, எதைக் கழட்டட்டும்னு ஆப்பரேட்டரைக் கேட்கும். அங்கே முடிவு மனுஷன் கையில.

ஆக, எல்லா நாளுக்கும் பொருந்துற பேர் ஒண்ணு கிடையாது. எது மாறப் போகுதோ, அதோட ஒட்டாத பேர்தான் அன்னிக்கு நல்ல பேர்.

மேகத்துக்குப் போனாலும் இதே கதைதான். அமேசான்ல 2017ல வந்த நைட்ரோ வகை மெஷின்கள்ல, நாம ஒரு பேர் கொடுத்து டிஸ்க்கை இணைப்போம், உள்ளே லினக்ஸ் அதை என்விஎம்இ1, என்விஎம்இ2ன்னு தான் பார்த்த வரிசையில கூப்பிடும். மறுபடி பூட் பண்ணினா வரிசை மாறலாம், யூயூஐடி போடுங்கன்னு அவங்க ஆவணத்துலயே சொல்றாங்க. ஜம்பர் போச்சு, கேபிள் போச்சு, பெட்டியே கண்ணுல படாது, கியூ நம்பர் மட்டும் கூடவே வருது.

இப்போ நான் செய்யிறது

பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. சூடு பட்ட பூனையோட பழக்கங்கள்தான்.

பூட் ஆகலைன்னா முதல்ல ரெஸ்க்யூ சிடியில ஏறி, எந்த டிஸ்க் எதுன்னு அளவையும் சீரியலையும் பார்ப்பேன். "கெட்டுப் போச்சு"ங்கிற முடிவுக்குக் கடைசியாத்தான் வருவேன்.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி டேட்டா டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிடுவேன். சேன்ல இருந்தா அந்த லன் இந்த மெஷினுக்குத் தெரியாதபடி மறைக்கச் சொல்லுவேன். கண்ணுல படாத டிஸ்க்கை எந்த இன்ஸ்டாலராலும் அழிக்க முடியாது.

கிக்ஸ்டார்ட் ஃபைல்ல எஸ்டிஏன்னு எழுதுறதே இல்லை. பை-ஐடி பேரைக் கொடுத்து, இந்த ஒரு டிஸ்க்கை மட்டும் தொடு, மத்ததைப் பார்க்கவே பார்க்காதேன்னு சொல்ல அதுல வழி இருக்கு. சீரியல் பொருந்தலைன்னா இன்ஸ்டால் நின்னுடும். நிக்கட்டும். தப்பா ஓடுறதுக்கு நிக்கிறது எவ்வளவோ தேவலை.

மவுன்ட் பண்றதுக்கு யூயூஐடி. அதோட எந்த ஸ்லாட்ல எந்தக் கார்டு, எந்தக் குழியில எந்த சீரியல், அதுல எந்த யூயூஐடி, அது எதுக்குன்னு ஒரே தாள்ல எழுதி மெஷினுக்கு வெளியே வெச்சிருப்பேன். நாலு வகைப் பேரையும் ஒண்ணோட ஒண்ணு கோக்கிற அந்தத் தாள் இல்லாம ரிகவரியில இறங்கிறதில்லை. அந்த ஞாபகத்தை மெஷினுக்குள்ளயே வெச்சா மெஷினோட சேர்ந்து அதுவும் போயிடும்னு சொலாரிஸ் கதையில பார்த்தோமே.

கடைசியா, டிஸ்க் பெட்டி மேல ஒரு ஸ்டிக்கர். கொட்டை எழுத்துல "டேட்டா – தொடாதே". அந்த அக்கா 2005ல சொன்னது. டிஇசிக்காரன் அதுக்கும் இருபது வருஷம் முன்னாடியே பிளாஸ்டிக்ல செஞ்சு வெச்சது. எனக்குப் புரியத்தான் மூணு நாள் பில் தேவைப்பட்டது.

டிஸ்கி: இதே மாதிரி தப்பான டிஸ்க்கை அழிச்ச அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம். நான் மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டிருக்கிறது கஷ்டமா இருக்கு :-)